எந்தச் சட்டம் எதற்குப் பிறகு வந்தது



விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி எங்கள் குழு ஊக்குநர் அக்கா கேட்டபோது, "பத்தாவது படிச்சவ நான், என்னத்தங்க்கா எழுதறது?" என்றுதான் சொன்னேன். "கூட்டத்துல குழந்தைகளப் பத்தி நீதான கண்ணு அதிகமாப் பேசற, அதையே எழுது" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் பேசும்போது, "இதெல்லாம் புதுசா ஏன் சொல்றீங்க, எங்க காலத்துல இப்படியா பார்த்தோம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே பழைய செய்திகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அப்போது நான் பத்தாவது. எங்கள் வகுப்பு நடந்தது ஒரு கீற்றுக் கொட்டகையில். மழைக்கு ஒழுகும், ஆனால் வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் அது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவே நின்றுகொண்டிருந்தது. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் தீ. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரையில் தீப்பற்றி, மாடியில் இருந்த வகுப்புகளுக்குப் பரவியது. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. இறங்க இருந்த படிக்கட்டு குறுகலானது. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை அடைத்து நடத்தி வந்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

எங்க அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது, "கொட்டாய்க்குள்ள கதவோரமா உக்காரு" என்றார். அந்த யோசனை அம்மாவுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. ஆசிரியர்களுக்கு வந்திருந்தால் அந்தக் கொட்டகையே இருந்திருக்காது. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. எங்கள் கொட்டகையையும் பிரித்துப் போட்டார்கள். அந்த வருஷம் மீதிப் பாடத்தை வேப்பமரத்தடியில் படித்துத்தான் பத்தாவது எழுதினேன்.

தீ விபத்தை விசாரிக்க நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமையில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லி, நாடு முழுக்கப் பள்ளிகளில் தீயணைப்பு ஏற்பாடு வேண்டும் என்று உத்தரவிட்டது. தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30. பத்து வருஷம் ஆகிவிட்டது. அன்று பிழைத்த பிள்ளைகளில் பலர் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள்.

பஸ்ஸுக்கும் இதே கதைதான். 2012 ஜூலை 25-இல் சென்னை தாம்பரம் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புப் பெண்குழந்தை ரோட்டில் விழுந்து இறந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இன்று வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு உதவியாளர் வருகிறார் என்றால், அது அந்தக் குழந்தை போன பிறகு வந்த ஏற்பாடு. உதவியாளர் இல்லாமல் வேன் வந்தால் டிரைவர் தம்பியிடம் சண்டை போடாதீர்கள், பாவம். பள்ளியில் போய்க் கேளுங்கள்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன்.

பெருமாநல்லூரில் விவசாயிகள் நினைவுத் தூணைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். 1970 ஜூன் 19-ஆம் தேதி, மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இங்கே உயிர்விட்டார்கள். கட்டணத்துக்கு ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குப் புரியாது. நம்ம பக்கம் ஆற்றுப் பாசனம் கிடையாது, கிணறுதான். மாடு கட்டிக் கவலை இறைத்தது போய் மோட்டார் வந்த பிறகு, கரண்ட்டு இல்லாவிட்டால் தோட்டம் இல்லை என்றாகிவிட்டது. பிறகு கிணற்றில் தண்ணீர் கீழே போயிற்று. கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள், அப்புறம் வெளியே போட்டார்கள். திருச்செங்கோட்டு வண்டி ராத்திரி வந்து நின்றால் அந்தச் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வராது. தண்ணீர் வந்தால் பொங்கல் வைப்பார்கள். வராத குழியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் எங்க மாமனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர் வராவிட்டால் மேலே இறக்கிய கேசிங் பைப்பை உருவி எடுத்துவிடுவார்கள். பைப் காசு, விட மனசு வராது. பைப் இருக்கும் வரைக்கும் ஓரத்து மண் நிற்கும். உருவிய பிறகு மழை பெய்யப் பெய்ய மேல்மண் சரிந்து குழியின் வாய் அகலமாகிக்கொண்டே போகும். போட்ட அன்றைக்கு ஒரு சாண்கூட இல்லாத ஓட்டை, குழந்தை விழுகிற அளவுக்கு ஆவது இப்படித்தான்.

2006 ஜூலையில் ஹரியானா மாநிலம் குருக்ஷேத்திரா பக்கம் ஐந்து வயதுப் பையன் இப்படி ஒரு குழியில் விழுந்தான். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி, சுமார் 50 மணி நேரம் கழித்து ராணுவத்தினர் உயிரோடு மீட்டார்கள். நாடே டிவியில் பார்த்தது. அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல ஊர்களில் குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 2010 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது. அதை நம் சகோதரிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். போர் போடுவதற்கு 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் கம்பிவேலி, எச்சரிக்கைப் பலகை வேண்டும். பைப்பைச் சுற்றி தரைக்கு மேலே ஓரடி, கீழே ஓரடி சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கவோ போல்ட் போட்டு மூடவோ வேண்டும். தண்ணீர் வராத குழி என்றால் அடியிலிருந்து மேல்வரைக்கும் களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். மேலாக ஒரு கல்லை வைப்பது மூடுவது ஆகாது.

2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் 3 வயதுப் பையனை, மதுரை மணிகண்டன் என்பவர் உருவாக்கிய கருவியை இறக்கி உயிரோடு எடுத்தார்கள். 2015-இல் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு கிணறு தோண்டுவது பற்றித் தனி விதிகளே வந்துவிட்டன. ஆக விதியும் இருந்தது, கருவியும் இருந்தது.

2019 அக்டோபர் 25. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்த வெள்ளிக்கிழமை. பனியன் கம்பெனிகளில் போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே துணிக்கடையில் இருந்தது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடிய 2 வயதுக் குழந்தை பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டான். முதலில் 30 அடிக்குள் சிக்கியிருந்தவன் பிறகு 80 அடிக்கும் கீழே நழுவிவிட்டான். பல குழுக்கள் கருவியோடு வந்தும் முடியவில்லை. பெரிய எந்திரம் கொண்டுவந்து பக்கத்தில் குழி தோண்டினார்கள், பாறை விடவில்லை. தீபாவளி அன்று எங்கள் லைனில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் உடல்தான் கிடைத்தது.

என் பையனுக்கு அப்போது மூன்று வயது. டிவியை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் போட்டுத் தண்ணீர் வராமல் விட்ட குழி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு கோணிச்சாக்கும், சாக்கின் மேல் ஒரு ஓட்டைத் தேக்சாவும் கவிழ்த்து வைத்திருந்தோம். ஐந்து வருஷமாக அந்தத் தேக்சாமேல்தான் துணி காயப்போடும் கூடையை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பையன் அதை மேளம் மாதிரித் தட்டி விளையாடியிருக்கிறான், நான் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதை எழுதாமல் ஊருக்கு மட்டும் புத்தி சொன்னால் அது நியாயமில்லை.

"ஏனுங் மாமா, இதை இன்னைக்கே மூடோணுங்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மம்பட்டியை எடுத்தார். நானும் வீட்டுக்காரரும் மண் சுமந்தோம். இரண்டு நாள் கொட்டியும் குழி வாங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் டிராக்டரில் மண் அடித்து நிரப்பி, மேலே சிமெண்ட் பூசினோம். மண் இறங்கிவிட்டால் திரும்பவும் நிரப்ப வேண்டும் என்று மாமனார் சொன்னார். ஆறு மாதத்தில் அவர் சொன்னபடியே இறங்கியது, மறுபடி நிரப்பினோம்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் இதைச் சொன்னேன். ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அக்கா மெதுவாக, "எங்க தோட்டத்துலயும் ஒண்ணு இருக்குது கண்ணு" என்றார். அடுத்து இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் தோட்டம் தோட்டமாக நடந்தோம். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரும் கூட வந்தார். அவர் செய்ததுதான் பெரிய உதவி. "உங்க வீட்டுப் பக்கம், வர்ற வழியில எங்க குழி இருக்குது?" என்று வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டார். எங்களுக்குத் தெரியாத குழியெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது!

வெளியே உள்ள ஆபத்துக்கு இப்படிச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வராது. லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, வடித்த கஞ்சி எங்கே இருக்கிறது என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்க மாட்டார். நம்ம பக்கம் அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட்டால், ஏழு வயது அக்காதான் இரண்டு வயதுத் தம்பிக்கு அம்மா. ஒரே ஒரு சட்டம் மட்டும் பழையது: 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. முதலில் 50 பெண்கள் என்று இருந்ததை 1976-இல் 30 ஆக்கினார்கள். மற்றதையெல்லாம் குழந்தை போன பிறகு எழுதினார்கள், இது முன்னாலேயே எழுதி வைத்தது. ஆனால் இதைத்தான் நம்மில் ஒருவரும் வேலைக்குச் சேரும்போது கேட்பதில்லை. நானும் செக்கிங் வேலைக்குப் போன இரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம்தான். தனியாகக் கேட்டால் பயம் இருக்கும், கூட்டமைப்பு கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

அன்று நடந்து கண்டுபிடித்த குழிகளில் ஒன்று தவிர மற்றதெல்லாம் மூடியாகிவிட்டது. மீதி ஒன்று, வெளியூரில் இருக்கிற ஒருவரின் தரிசு நிலத்தில். போனில் கேட்டால் "அடுத்த மாசம் வர்றனுங்க" என்பார். இப்போதைக்கு நாங்களே வேலிக்கருவை முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் முள் மக்கிவிடும் என்பதால் ஐப்பசிக்கு ஒருமுறை புதிதாக வெட்டிப் போடுகிறோம். வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க மனு எழுதியாகிவிட்டது. அன்றைக்குக் கையெழுத்துப் போட எல்லாக் குழுவிலிருந்தும் சகோதரிகள் வர வேண்டும்.