சறுக்காட்டமும் மெய்ம்மறையும்

நேயர்களே, சென்னை வானொலி நிலையம் அமைந்துள்ள இந்தக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்து சென்றால், கடலைப் பார்த்தவாறு வட்டமான முகப்புடன் நிற்கும் பழைய மாளிகை ஒன்றைக் காணலாம். மேலை நாடுகளிலிருந்து 1897-ஆம் ஆண்டில் திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியமையால், இன்று அதனை விவேகானந்தர் இல்லம் என்கிறோம். ஆயினும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழும் முதியோர் அதனை இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குவர். வெயில் கொளுத்தும் நம் நகரில் பனிக்கட்டிக்கு ஒரு மாளிகை எதற்கு என்று நீங்கள் வியக்கலாம்.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் ஒருவர் இருந்தார். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளின் பனியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றவர் அவர். 1833-ஆம் ஆண்டில் அவருடைய முதற்கப்பல் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது என்பர். 1840-களில் சென்னைக்கும் அப்பனிக்கட்டி வந்தது. அதனைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்டதே அந்த மாளிகை. வால்டன் ஏரிக்கரையில் வாழ்ந்த அறிஞர் தோரோ, 1846-47 குளிர்காலத்தில் தம் கண்ணெதிரே பனி வெட்டப்பட்டதை எழுதும்போது, அந்த நீரைப் பருகப்போகும் ஊர்களுள் ஒன்றாக நம் சென்னையின் பெயரையும் குறித்துள்ளார்.

பனிக்கட்டி இங்கு வந்தது. ஆனால், அந்த ஏரிகளின்மேல் அந்நாட்டு இளைஞர் இரும்பு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து ஆடிய சறுக்காட்டம் இங்கு வரவில்லை. வர இயலுமா என்ன? ஐஸ் ஹவுஸில் வைத்த பனி உருகாதிருந்தாலே பெரிது!

இக்கதையை இன்று நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. மயிலாப்பூரில் என் வீட்டிற்கு அருகே வாழும் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். பூங்காவின் சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணி அணிந்து பழகியவர் அவர். வரும் குளிர்காலத்தில் லடாக்கிற்குச் சென்று ஐஸ் ஹாக்கி பயில விரும்புகிறார். "ஐயா, நீங்கள் ஹாக்கி ஆடியவர். நான் வாங்கவேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன். சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பட்டியலின் தலையில் விலையுயர்ந்த மட்டையும், அதனை அடுத்து வண்ணப் பையும் இருந்தன. கடைசி வரியில் எழுதப்பட்டிருந்த கழுத்துக் காப்பு கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஏன் தம்பி என்றேன். "பணம் போதவில்லை ஐயா. அது ஒரு துணைப்பொருள்தானே!" என்றார்.

அச்சொல்லைக் கேட்டதும் என் கை தானாகவே என் இடக்கணைக்காலைத் தடவியது. அங்கே ஒரு தழும்பு உண்டு. பள்ளிப் பருவத்தில் தியாகராய நகரில் ஒரு மண் திடலில் நாங்கள் ஹாக்கி ஆடுவோம். ஒருமுறை என் தந்தையார் சிறிது பணம் தந்து, வேண்டியதை வாங்கிக்கொள் என்றார். கடைக்காரர் ஒரு சாதாரண மட்டையையும் ஓர் இணை கணைக்கால் காப்பையும் எடுத்து வைத்தார். நானோ, ஜலந்தரில் செய்த பளபளப்பான முசுக்கட்டை மரத்து மட்டையின்மீது கண் வைத்தேன். காப்புக்கு வைத்திருந்த பணமும் அதற்கே சென்றது. "தம்பி, மட்டை பந்தைத்தான் காக்கும், காலைக் காக்காது" என்று அப்பெரியவர் சொன்னது என் செவியில் ஏறவில்லை. பத்து நாட்கள் கழிந்தன. எதிரணியினர் ஓங்கி அடித்த பந்து என் கணைக்காலில் பட்டு எலும்பு முறிந்தது. அந்த ஆண்டு முழுவதும் என் அழகிய மட்டை சுவரில் சாய்ந்திருந்தது. நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன்.

இது என் ஒருவனுடைய பேதைமை அன்று. ஹாக்கியின் வரலாற்றைப் புரட்டினால், உலகமே இப்பேதைமையைப் பன்முறை செய்திருப்பதைக் காண்கிறோம்.

1875-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், கனடாவின் மாண்ட்ரீல் நகரில் விக்டோரியா சறுக்கரங்கத்தில் அணிக்கு 9 பேராக ஆடினர். கூரையின்கீழ் ஒழுங்குபடுத்தி நடத்தப்பெற்ற முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாக அதனைக் கூறுவர். அன்று பந்துக்கு மாறாகத் தட்டையான மரவட்டு ஒன்றைப் பயன்படுத்தினர். பந்து துள்ளிப் பார்வையாளர்மீது பாய்ந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். பார்த்தீர்களா? காண வந்தவரைக் காக்கும் எண்ணம் முதல் நாளிலேயே தோன்றிவிட்டது. ஆடுகின்றவரைக் காக்கும் எண்ணமோ மிக மெல்லவே வளர்ந்தது.

மரவட்டு பின்னர்க் கெட்டியான ரப்பர் வட்டாயிற்று. 'பக்' எனப்படும் அவ்வட்டின் எடை ஏறத்தாழ 170 கிராம். துள்ளாதிருக்கும்பொருட்டு அதனை ஆட்டத்திற்கு முன் உறைய வைப்பர். வல்லவர் அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் பறக்கும். அதன் எதிரே நின்ற கோல் காவலர்கள் நெடுங்காலம் வெறும் முகத்துடன் நின்றனர். 1927-இல் கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் கிரஹாம், வாட்போருக்குரிய கம்பிவலை முகமூடியை அணிந்து கோல் காத்தார். 1930-இல் கிளிண்ட் பெனடிக்ட் என்பவர் முகத்தில் அடிபட்ட பின் தோல் முகமூடி ஒன்றைச் சில ஆட்டங்களுக்கு மட்டும் அணிந்தார். ஆயினும் அவ்வழக்கம் வேரூன்றவில்லை.

1959-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், மாண்ட்ரீல் அணியின் ஜாக் பிளாண்ட் முகத்தில் வட்டு தாக்கியது. தையலிட்டு வந்த அவர், முகமூடி இன்றேல் களத்தில் இறங்கேன் என்றார். முகமூடி அணிந்தால் பார்வை குறையும் என்று கருதிய பயிற்சியாளர் வேறு வழியின்றி இசைந்தார். பிளாண்டின் அணி 3-1 என வென்றது. வீரத்திற்கும் முகமூடிக்கும் பகை இல்லை என்பதை அன்று உலகம் உணரத் தொடங்கியது.

தலைக்கவசத்தின் கதை இதனினும் துயரமானது. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன், ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இரண்டு நாட்களில் உயிர் துறந்தார். அதன் பின்னும் 11 ஆண்டுகள் கழித்து, 1979-இல்தான், வட அமெரிக்கப் பெருங்கழகத்தில் புதிதாய்ச் சேரும் ஆட்டக்காரர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பழைய ஆட்டக்காரர்க்கு விலக்கு அளித்தமையால், தலைக்கவசமின்றி ஆடிய கடைசி வீரர் ஓய்வு பெற 1997 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி அந்த மாணவர் கோடிட்டு அடித்த கழுத்துக் காப்பிற்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சன் என்னும் வீரர், மற்றொருவருடைய சறுக்குக் காலணியின் அலகு கழுத்தில் பாய்ந்து மாண்டார். அதே ஆண்டின் இறுதிக்குள், பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் எல்லா நிலையினர்க்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கத் தீர்மானித்தது. வெட்டுத் தாங்கும் துணியால் ஆன சிறு பட்டை அது. கையில் எடுத்தால் கைக்குட்டையைவிடச் சற்றே கனமாயிருக்கும்.

நம் மண்ணின் ஹாக்கியிலும் இதே பாடந்தான். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ரிச்சர்ட் ஆலன் ஒரு கோலும் விடாது காத்து இந்தியாவுக்குப் பொற்பதக்கம் பெற்றுத் தந்தபோது, அவர் முகத்திற்கு முகமூடி இல்லை. 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபின் பந்தின் விரைவு பன்மடங்காயிற்று. காப்புச் சாதனங்களும் அதற்கேற்ப வளர்ந்தன. நம் எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டங்களைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பெனால்டி கார்னர் என்றதும் தடுப்பாட்டக்காரர்கள் விரைந்து முகமூடியை மாட்டிக்கொள்வார்கள்; ஆபத்து நீங்கியதும் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். அதனைக் கோழைத்தனம் என்று யாரும் நகைக்கவில்லை. ஒலிம்பிக்கில் இருமுறை வெண்கலம் வென்ற கேரளத்துக் கோல் காவலர் ஸ்ரீஜேஷ், தமக்குக் காப்புச் சாதனம் வாங்கித் தரத் தந்தையார் வீட்டுப் பசுவை விற்றதைப் பன்முறை நன்றியோடு கூறியிருக்கிறார். அந்தத் தந்தை துணைப்பொருளுக்காகப் பசுவை விற்கவில்லை. மகனின் உடம்பைக் காக்க விற்றார்.

லடாக்கின் இளைஞர்களோ இல்லாமையிலிருந்தே தொடங்கியவர்கள். படைவீரர்களின் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திச் சறுக்கிய காலம் அங்கு உண்டு. ஆண்டுக்கு இரண்டு மாத அளவே உறைந்திருக்கும் குளங்களே அவர்களுடைய பள்ளிக்கூடம். அத்தகைய மண்ணிலிருந்து எழுந்த பெண்கள் பலர் இடம்பெற்ற இந்திய மகளிர் அணி, 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்று தன் முதற் பன்னாட்டு வெற்றியைப் பெற்றது. 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலமும் வென்றது. அவர்கள் வறுமையில் ஆடினார்கள் என்பதற்காக, வசதியுள்ள நாம் காப்பின்றி ஆடுவது வீரமாகிவிடாது.

அந்த மாணவரிடம் நான் கூறியவற்றை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதலில் உடம்பைக் காப்பவை: முகவலையுடன் கூடிய தலைக்கவசம், கழுத்துக் காப்பு, பற்காப்பு, தோள், முழங்கை, கணைக்கால் காப்புகள், கையுறை, இடுப்புக்கும் தொடைக்குமான திண்டுக் காற்சட்டை, அடிவயிற்றுக் காப்பு. அடுத்தது காலணி. சறுக்குக் காலணி நாம் நாள்தோறும் அணியும் செருப்பின் அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு வரை சிறியதாகவே பெரும்பாலும் அமையும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னே நன்கு பதியவேண்டும். வளரும் பிள்ளை என்று பெரிய காலணி வாங்கினால் கணுக்கால் உள்ளே ஆடும். ஆடும் கணுக்கால் சுளுக்கும்.

மூன்றாவதாகச் சிறு பொருள்கள். சறுக்குக் காலணியின் அலகு கத்தியைப் போல ஒரே முனை உடையதன்று. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு உண்டு. குழிவின் இருபுறமும் இரண்டு விளிம்புகள் உண்டு. அவ்விளிம்புகள் பனியைக் கவ்வுவதனாலேயே வீரன் திரும்பவும் நிற்கவும் முடிகிறது. கல்லிலும் சிமெண்டிலும் நாலடி நடந்தால் விளிம்பு மழுங்கிவிடும். ஆதலால் பனிக்கு வெளியே நடக்கும்போது கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அலகைத் துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் துணி உறையை இடவேண்டும். பிளாஸ்டிக் உறையிலேயே விட்டு வைத்தால் உள்ளே தங்கிய நீர் அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். உப்புக்காற்று வீசும் மயிலாப்பூருக்குத் திரும்பியபின் இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டும். ஒரு மாற்று நாடா, மட்டையில் சுற்றத் துணிப்பட்டை, ஒரு துண்டு ஆகியவையும் இருந்தால் போதும். வண்ணப் பை பிறகு வரட்டும்; சாக்குப் பையும் சுமக்கும்.

உடற்கவசத்திற்கு நம் முன்னோர் 'மெய்ம்மறை' என்று பெயரிட்டனர். பதிற்றுப்பத்துப் புலவர் சேர மன்னனையே வீரர்களின் மெய்ம்மறை என அழைத்தனர். படைக்கு முன்னே நின்று அம்பைத் தன்மேல் ஏற்பவன் அரசன் என்பது கருத்து. கவசத்தை அச்சத்தின் அடையாளமாக அவர்கள் எண்ணியிருந்தால், அரசனுக்கு அப்பெயரைச் சூட்டியிருப்பார்களா?

மாணவர்களே, இன்று கடையில் நாம் எளிதாக வாங்கும் ஒவ்வொரு காப்பின் பின்னும் யாரோ ஒருவருடைய காயம் இருக்கிறது. சிலவற்றின் பின் ஓர் உயிரே இருக்கிறது. அவர்கள் விலை கொடுத்துவிட்டார்கள். அதே விலையை நாம் மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் அம்மாணவர் மீண்டும் வந்து திருத்திய பட்டியலைக் காட்டினார். மட்டை சாதாரணமானதாக மாறியிருந்தது, பை மறைந்திருந்தது. கழுத்துக் காப்பு முதல் வரிக்கு ஏறியிருந்தது. பத்திரமாகப் போய் வாருங்கள் தம்பி என்று வாழ்த்தி அனுப்பினேன்.