தன்னைக் கலைக்கச் சொன்ன மன்றம்: மட்டாஞ்சேரி, 1960

1960 ஜூலை 9 அன்று மட்டாஞ்சேரி நகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து ஒரு மாநகராட்சி அமைக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்ட தீர்மானம் அது. உள்ளாட்சி அமைப்புகளின் இணைப்பு பெரும்பாலும் தலைமைச் செயலகத்தில் தொடங்கி, ஊர்மக்களின் எதிர்ப்பைக் கடந்து நடந்தேறுவது வழக்கம். இங்கோ மன்றமே தன் முடிவை விண்ணப்பித்துக்கொண்டது. 1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி பிறந்ததைக் கொண்டாடும் எழுத்துகளில் இந்தத் தீர்மானம் ஒற்றை வரியாகவே கடந்துபோகிறது. அந்த வரிக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு எல்லைச் சிக்கல் இருக்கிறது.

1663-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர் கைப்பற்றினர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1814-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. அதன்பின் கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்த 'பிரிட்டிஷ் கொச்சி' ஆனது. அதை ஒட்டியே கிடந்த மட்டாஞ்சேரி, கொச்சி அரசரின் ஆட்சியில் நீடித்தது. அரண்மனையும் யூதத் தெருவும் மிளகுக் கிடங்குகளும் ஓர் அரசின் கீழ். நடந்தே எட்டிவிடக்கூடிய கோட்டைப் பகுதி வேறோர் அரசின் கீழ்.

இரு பகுதிகளின் நகராட்சி வரலாறும் ஆகையால் வெவ்வேறு வழியில் சென்றது. 1865-ஆம் ஆண்டுச் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866 நவம்பர் 1 அன்று கோட்டைக் கொச்சியில் நகராட்சி அமைந்தது. ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்கு மறு ஆண்டே, 1883-இல், அங்கு முதல் தேர்தல் நடந்தது. (1664-இலேயே டச்சுக்காரர் இங்கு நகராட்சி நிறுவியதாகவும், எனவே 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கும் இது மூத்தது என்றும் பெருமை பேசுவோர் உண்டு. குடியேறிய ஐரோப்பியர் தமக்காக நடத்திய அமைப்பை இன்றைய நகராட்சியின் மூதாதையாக்குவதில் வரலாற்றைவிட ஊர்ப்பற்றே மிகுதி.) மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நகரசபை வந்தது 1896-இல், கொச்சி மகாராஜாவின் ஆணையால்.

துறைமுகத்துக்கு இந்தப் பிளவை ஆங்கிலேயர் முன்னதாகவே சமாளித்திருந்தனர். பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் 1865-இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை சுங்கத் தடைகளைப் பெருமளவு நீக்கிவிட்டது. மிளகு மூட்டைக்குக் கிடைத்த இந்த வசதி குடிநீருக்கும் சாக்கடைக்கும் கிடைக்கவில்லை. உப்புநீர் சூழ்ந்த இந்த மண்ணில் நல்ல குடிநீர் பெரியாற்றின் ஆலுவாப் பக்கத்திலிருந்து படகில் வந்தது. 'கொச்சிக்கால்' என்றே பெயர்பெறும் அளவுக்கு யானைக்கால் நோய் இங்கு பரவியிருந்தது. அதைப் பரப்பும் கொசுவுக்குக் கல்வத்திக் கால்வாயின் எந்தக் கரை எந்த அரசுக்கு உரியது என்பது பொருட்டன்று. ஒரு மன்றம் தன் பக்கத்துக் கால்வாயைத் தூர்வாரினாலும் அடுத்த மன்றமும் உடன் இறங்காவிட்டால் பயனில்லை. அந்த இரு மன்றங்களோ வெவ்வேறு சட்டங்களுக்கும் கருவூலங்களுக்கும் கட்டுப்பட்டவை.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை உடனே மாறவில்லை என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது மட்டாஞ்சேரி புதிய மாநிலத்துக்குள் வந்தது. கோட்டைக் கொச்சி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்திலேயே இருந்தது. அந்த ஏழாண்டுகள் இரு தெருக்களுக்கு இடையே ஒரு மாநில எல்லை ஓடியது.

இவற்றை வைத்துப் பார்த்தால், கேரளம் அமைந்த நான்காம் ஆண்டில் வந்த தீர்மானம் விட்டுக்கொடுத்தலாகத் தோன்றவில்லை. தன் தெருவை அடுத்த தெருவோடு சேர்த்துக்கொள்ள ஒரு வணிக நகரம் எடுத்த முதல் வாய்ப்பு அது எனலாம். அப்போது மட்டாஞ்சேரி நலிந்த ஊரும் அன்று. மிளகு முன்பேர வணிகத்துக்கான சங்கம் 1957-இல்தான் யூதத் தெருவில் தொடங்கியிருந்தது. இணையும் நகரத்தின் நடுவே தானே இருக்கும் என்று மன்றம் எண்ணியிருக்க இடமுண்டு.

தீர்மானம் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில் அனுப்பப்பட்டது. அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. 1961-இல் மாநகராட்சிச் சட்டம் வந்தது. பின்னர் குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலமும் கடந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு இரண்டாம் முறை முதலமைச்சராக இருந்தபோது மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டுக்குப்பின் வந்தது கேட்டதைவிடப் பெரிது. மூன்று நகராட்சிகளுடன் வில்லிங்டன் தீவும் குண்டுத் தீவும் ராமன்துருத்தும் சேர்ந்தன. பள்ளுருத்தி, வெண்ணலா, வைட்டிலா, இடப்பள்ளி என்னும் நான்கு ஊராட்சிகளும் சேர்ந்தன. இடப்பள்ளி முன்பு திருவிதாங்கூரைச் சார்ந்தது. ஆகச் சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று நிர்வாக மரபுகள் ஒரே மன்றத்துக்குள் வந்தன.

ஆய்வாளர்கள் நின்று கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் எழுகிறது. மட்டாஞ்சேரியின் தீர்மானத்தில் மூன்று நகராட்சிகளின் பெயரே உண்டு. கிராமங்களின் பெயர் இல்லை. கொச்சி அரசில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் 1914-இலேயே வந்திருந்தது. 1960-ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் 1964 ஜனவரி 1 அன்றுதான் பொறுப்பேற்றன. நான்கு ஆண்டு நிறைவதற்குள் இந்த நான்கும் மறைந்தன. நகரம் விரும்பிக் கேட்ட இணைப்பில் வயலும் சேறும் காயலும் சூழ்ந்த கிராமங்கள் துணைப்பொருளாக வந்து சேர்ந்தன.

நகரத்தின் கணக்கும் பொய்த்தது. மாநகராட்சியின் தலைமையகம் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் அமைந்தது. 1943-இல் திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்தால் போக்குவரத்து எளிதாகியிருந்தது உண்மையே. ஆயினும் நடந்துபோய் மன்றத் தலைவரைப் பார்த்து முறையிட்ட கடைக்காரர் இப்போது காயலைக் கடக்க வேண்டியதாயிற்று. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர் என ஒவ்வொரு தெருவிலும் ஒரு மொழி வழங்கிய நகரம் அது. சிறிய மன்றத்தில் சிறிய சமூகத்துக்கும் ஓர் இருக்கை எட்டும் தொலைவில் இருக்கும், ஏறத்தாழ 4.4 லட்சம் மக்களைக் கொண்ட 1971-இன் மாநகரத்தில் அது எளிதன்று. கொச்சிச் சட்டமன்றத்தில் மட்டாஞ்சேரியின் குரலாக விளங்கியவரும், தம் தெருவின் தொழுகைக்கூடத்திலேயே நிலவிய பாகுபாட்டை எதிர்த்து அறவழியில் போராடியவருமான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் மறைந்ததும் அதே 1967-இல்தான்.

பழைய மன்றங்கள் இன்று மண்டல அலுவலகங்களாகப் பெயரளவில் வாழ்கின்றன. பள்ளுருத்தியின் நிலை இன்னும் விந்தையானது. அதை அடுத்த கும்பளங்கியும் செல்லானமும் ஊராட்சிகளாகவே நீடித்து, 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் காலத்தில் கிராமசபை கூட்டித் தம் தேவைகளைப் பட்டியலிட்டன. செல்லானம், கும்பளங்கி, கும்பளம் ஆகிய மூன்று ஊராட்சிகளும் அடங்கிய பிளாக் பஞ்சாயத்தின் பெயர் 'பள்ளுருத்தி'. அந்தப் பெயருக்குரிய ஊர் மட்டும் அதில் இல்லை.