பெரம்பூர், 1921: சங்கம் எங்கே உடைந்தது?

1918-ல் சென்னையில் அரிசி விற்ற விலைக்குக் கூலிக்காரர் வீட்டில் உலை வைப்பதே பெரும்பாடு. உலகப் போர் முடிந்தபாடில்லை. அந்தச் செப்டம்பரில் பசித்த கூட்டம் தானியக் கடைகளைச் சூறையாடும் அளவுக்கு நிலைமை முற்றியது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளோ பட்டாளத்துக்குத் துணி நெய்து கொழித்தன. அங்கே மதியச் சோற்றுக்கு விட்டது அரை மணி நேரம். கை கழுவி உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் சங்கு ஊதிவிடும்.

ஆலைப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் இந்தக் குறைகளைச் சொல்ல, 'நியூ இந்தியா' பத்திரிகையிலிருந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வாடியா பதற்றப்படாத ஆள். போர்க்காலத்தில் படைத்துணி நிற்கக் கூடாதென்று வேலைநிறுத்தப் பேச்சையே அடக்கி வைத்தவர். அப்படியும் நிர்வாகம் கதவடைத்தது.

1920 இறுதியில் தகராறு முற்றி, டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மேல் வழக்கு, தடையாணை, நஷ்டஈடு. கடைசியில் அவர் சங்கத்தை விட்டு விலகினால்தான் வழக்கு வாபஸ் என்று பேரம் படிந்தது. தலையைக் கிள்ளிவிட்டால் உடம்பு சாயும் என்பது கணக்கு. (இந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் கொடுத்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.)

ஆனால் உடம்பு சாய்ந்தது வேறிடத்தில். 1921 கோடையில் மீண்டும் வேலைநிறுத்தம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவும் அவர்களை வேலைக்குப் போகவே சொன்னார். மற்றவர்கள் 'கருங்காலி' என்றார்கள். ஜூன் இறுதியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. கலவரமும் துப்பாக்கிச் சூடும் மாதக்கணக்கில் நீண்டன. அரசு சேரிக்குச் சாய்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் கொதித்தார். திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவதாக கவர்னர் வெலிங்டன் மிரட்டினார்.

சேரி மக்களைத் துரோகிகள் என்று எழுதிவைத்துவிட்டுப் போவது சுலபம். ஊருக்குள் குடிதண்ணீர் தொட விடாதவன், தறி நின்ற அன்று மட்டும் 'தோழா' என்று கூப்பிட்டால் எவன் வருவான்? கைக்காசு இல்லாத வீட்டில் கூலியும் நின்றால் அடுத்த வேளைக்கு யார் பொறுப்பு? சங்கம் இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடியிருக்க வேண்டும். சம்பளம், நேரம், வேலைநீக்கம் என்று நிர்வாகத்தோடு வாதாடத் தெரிந்த தலைவர்கள், தங்கள் உறுப்பினர்களுக்கு நடுவே இருந்த வேலியைப் பிரிக்க இறங்கவில்லை என்பதே என் எண்ணம்.

அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

(தொடரும்)