பிணி நீங்கி மதுரைக்கு

சென்ற தைத் திங்களில் யாம் குடும்பத்துடன் மதுரைக்குச் சென்று வந்தோம். எம் அன்னையார் டைபாய்டு சுரத்தால் ஒரு மாதம் படுக்கையிற் கிடந்து, இறையருளாலும் மருத்துவர் துணையாலும் பிழைத்தெழுந்தார். எழுந்து நடந்தால் மீனாட்சியம்மை சந்நிதியில் வந்து நிற்பதாக அவர் செய்திருந்த நேர்த்திக்கடனுக்காகவே அப்பயணம். வழியிற் கண்ட ஊர்கள் பலவும் நோயும் நலமும் பற்றிய வரலாறு உடையனவாயிருந்தன. அவற்றை இவ்வாண்டு மலரிற் கூற விழைகின்றோம்.

விடியற்காலையில் வண்டிப்பெரியாற்றிலிருந்து காரிற் புறப்பட்டுக் குமுளியை அடைந்தோம். அதன் அருகே மங்கலதேவி மலை. கணவனை இழந்த கண்ணகி மதுரையை நீங்கி, வையைக் கரைவழியே நடந்து மலையேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறும். அம்மலை இதுவே என்பர். அவள் துயரோடு ஏறிவந்த திசையினின்று, நலம்பெற்ற அன்னையாரோடு யாம் கீழிறங்கினோம்.

மலைப்பாதை முடியும் இடம் லோயர் கேம்ப். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரும்பணியை இங்கே நினையாதிருத்தல் இயலாது. 1886-ல் உடன்படிக்கை ஆயிற்று. 1887-ல் பணி தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 176 அடி உயர அணை எழுந்தது. 1895 அக்டோபரில் நீர் திறக்கப்பெற்றது. ஆனால் அக்காட்டில் காய்ச்சலும் காலராவும் ஓயாது வருத்தின. நோயால் மாண்டோர் 483 பேர் என்பது கணக்கு. அணையருகே அவர்தம் இடுகாடும் உண்டு. பணியை நடத்திய பென்னிகுக் அவர்களுக்கு 2013-ல் லோயர் கேம்பில் நினைவு மண்டபம் அமைந்தது. அது முற்றிலும் தகும். அங்கே சிறிது நேரம் நின்று வணங்கினோம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எங்கும் அந்நீரால் விளையும் இருபோக நன்செய். அடுத்து வந்தது சின்னமனூர். இங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் 10-ஆம் நூற்றாண்டின. பாண்டியர் மதுரையிற் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவை புகழ்கின்றன. தமிழ்ச் சங்கம் என்னும் பெயரைத் தாங்கும் நாம் மறவாதிருக்க வேண்டிய ஊர் இது.

வீரபாண்டியில் கௌமாரியம்மனைத் தொழுதோம். பார்வை இழந்த பாண்டியன் ஒருவன் அன்னையின் அருளால் ஒரு கண்ணும், கண்ணீசுவரமுடையார் அருளால் மறு கண்ணும் பெற்றான் என்பது தல வரலாறு. தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி கடந்து, பிற்பகலில் மதுரை சேர்ந்தோம்.

மதுரையோ நோய் தீர்த்த கதைகளுக்குப் பேர்போன நகரம். நெடுமாறனைப் பற்றிய வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்தார் என்று பெரியபுராணம் பேசும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத மண்டைச் சளியால் வருந்தி, திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை வரும் வழியில், திண்டுக்கல்லிற் கண்ட கனவால் நலம் பெற்றார் என்றும், அந்நன்றியினாலேயே மதுரையைத் தலைநகராக்கினார் என்றும் வழங்குவர். 1636-ல் எழுந்த மகாலும், ஆலயத்தின் எதிரேயுள்ள புதுமண்டபமும் அவர் ஆக்கியவை.

அம்மையை வழிபட்டு, மறுநாள் மகாலின் தூண்களிடையே அமர்ந்து இக்கதையைக் கூறினோம். கேட்டிருந்த அன்னையார் சொன்னார்: "ராசாவுக்கு வந்த சளியைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். உன் தாத்தாவோடு மலையேறி வந்தவர்கள் குளிர்காய்ச்சலில் போனதை யாரப்பா எழுதினார்கள்?"

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. கம்பத்திலிருந்து கங்காணியின் பின்னே நடந்து மலையேறிய எம் பாட்டனாரின் தம்பி, இரண்டாம் மழைக்காலத்திலேயே காய்ச்சலால் மாண்டார். தேயிலைக்காட்டின் ஓரத்திற் புதைத்தனராம்; கல் இல்லை. அவர் பெயரைக் கேட்டோம். "சின்னையா என்றுதான் அழைப்போம், பெயர் தெரியாதே" என்றார் அன்னையார்.

மன்னர் பிணி தீர்ந்ததற்கு மண்டபங்கள் சான்று கூறுகின்றன. மலையிற் பிணியால் மடிந்த நம்மவர்க்கு எச்சான்றும் இல்லை. அவர்கள் வெட்டிய வழியும் திருத்திய காடும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றில் அவர்தம் பெயர் இல்லை.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தில் ஓர் ஏடு வைப்போம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் முன்னோர் இன்ன ஊரினின்று இன்ன ஆண்டு மலையேறினர், இன்னார் இங்கு மாண்டனர் என்பதை அதிற் பதிவாராக. அறிந்த முதியோர் இன்று நம்மிடையே சிலரே உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதுதல் நம் கடன். முதற்பக்கத்தில், பெயரறியா அச்சின்னையாவை எழுத யாம் ஒருப்பட்டுள்ளோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!