நூலோ, குருதியோ? குறும்பார்வை பற்றிய விளக்கங்களின் வரலாறு

நோய்களின் வரலாறு என்றதும் பெரியம்மையும் வாந்திபேதியும் போன்ற கொள்ளைநோய்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், வகுப்பறையின் பின்வாங்கில் அமர்ந்து கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையை நோக்கும் மாணவனின் குறைபாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. குறும்பார்வை அல்லது கிட்டப்பார்வை எனப்படும் இக்குறைபாடு ஏன் தோன்றுகின்றது என்ற வினாவுக்கு அறிஞர் கூறிய விடைகள் கடந்த இரு நூற்றாண்டுகளில் மாறி மாறி வந்துள்ளன. ஒவ்வொரு விடையும் பாடசாலையின் பொறுப்பு யாது என்பதையும் உடன் தீர்மானித்தது. ஆதலின் இவ்வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. கல்வியோடு தொடர்புடைய யாவர்க்கும் உரியது.

கண்ணினுள் நுழையும் ஒளி விழித்திரையிற் குவியும்போதே காட்சி தெளிவுறும் என்பதை 1604ஆம் ஆண்டில் ஜொஹானஸ் கெப்ளர் விளக்கினார். குறும்பார்வையுடையோரின் கண்ணில் தூரப்பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகின்றது. குழிவு வில்லை அக்குவியத்தைப் பின்னே தள்ளுகின்றது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுதலே என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் தெளிவாயிற்று. கண் ஏன் நீள்கின்றது என்பதே எஞ்சிய வினாவாகும்.

இவ்வினாவுக்கான முதற் சான்றுகள் எண்ணிக்கைகளாகவே கிடைத்தன. 1813இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் வெயர் அரச கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட காவற் படைப்பிரிவுகளிலே குறும்பார்வையுடையோரைக் காண்டல் மிக அரிதாயிருக்க, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகக் கல்லூரியொன்றில் 127 பேரில் 32 பேர் கண்ணாடியின் துணையை நாடியிருந்தனர் என அவர் குறிப்பிட்டார். இதனை முறையான ஆய்வாக வளர்த்தவர் பிறெஸ்லோ நகரின் கண் மருத்துவரான ஹெர்மன் கோன் ஆவர். 10,060 பாடசாலைப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து அவர் 1867இல் வெளியிட்ட முடிவுகள் ஐரோப்பாவை வியப்பிலாழ்த்தின. கிராமப் பாடசாலைகளில் 1.4 வீதமாக இருந்த குறும்பார்வை, நகரத் தொடக்கப் பாடசாலைகளில் 6.7 வீதமாகவும், உயர் கல்விக்கு வழிகோலும் பாடசாலைகளில் 26.2 வீதமாகவும் உயர்ந்திருந்தது. கல்வி ஏறக் கண் குன்றிற்று.

நூலே குற்றவாளி என்ற முடிவுக்கு வருதல் இயல்பாயிற்று. மங்கிய வகுப்பறையும், சிறிய அச்செழுத்தும், பிள்ளையின் உயரத்துக்குப் பொருந்தாத மேசையும் கண்டிக்கப்பட்டன. பெரிய யன்னல்கள் வேண்டுமென்றும் பாடசாலை மருத்துவர்கள் நியமிக்கப்பட வேண்டுமென்றும் கோன் வாதாடினார். பிள்ளையின் தலை நூலை நோக்கிச் சாயாதபடி தடுக்கும் சட்டங்கள்கூட மேசைகளிலே பொருத்தப்பட்டன. ஆயினும் மேசைகள் மாறிய அளவுக்குக் கண்கள் மாறவில்லை.

இந்நிலையிலேதான் எதிர்க்கருத்து வலுப்பெற்றது. 1913இல் அடோல்ப் ஸ்ரைகர் பரம்பரையே கண்ணின் அமைப்பை நிர்ணயிக்கின்றது என வாதிட்டார். 1962இல் ஆர்னோல்ட் சோர்ஸ்பியும் அவர்தம் துணைவரும் இரட்டையரை ஆராய்ந்து, ஒத்த இரட்டையரின் கண்கள் ஏனைய இரட்டையரின் கண்களைவிட மிக நெருங்கி ஒத்திருத்தலைக் காட்டினர். குருதிவழியே காரணமெனின் பாடசாலை செய்யத்தக்கது யாதுமில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தலோடு கடமை முடிந்துவிடும். இக்கருத்தின் வசதியும் இதுவே, ஆபத்தும் இதுவே.

ஆயின் இரட்டையர் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே காலத்திற் கற்பவர். அவர்தம் ஒற்றுமை பரம்பரையின் பங்கைக் காட்டுமேயன்றி, சூழல் முழுவதும் மாறும்போது நிகழ்வது யாதென்பதைக் காட்டாது. அதனைக் காட்டியது அலாஸ்காவின் வடகோடியிலுள்ள அக்காலத்தில் பாரோ எனப்பட்ட ஊர். அங்கு வாழும் பழங்குடியினரிடையே முதியோரிற் குறும்பார்வை அரிதாயிருக்க, பாடசாலை சென்ற இளந்தலைமுறையினரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அதற்குள்ளாகியிருந்தமை 1969இல் வெளியான ஆய்வொன்றாற் புலனாயிற்று. ஒரு தலைமுறைக்குள் குருதி மாறுவதில்லை, வாழ்க்கையே மாறியிருந்தது. 1977இல் வீசலும் ரவியோலாவும், இமை மூடித் தைக்கப்பட்ட குரங்குக் குட்டிகளின் கண்கள் நீண்டு வளர்தலைக் கண்டனர். காணும் காட்சியே கண்ணின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றது என்பது இதனால் உணரப்பட்டது.

அவ்வாறாயின் மீண்டும் நூல்தான் குற்றவாளியா? 2008இல் வெளியான ஒப்பீடு இவ்விடத்து நோக்கற்பாலது. சீன வழிவந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிற் சிங்கப்பூரில் 29.1 வீதத்தினரும் சிட்னியில் 3.3 வீதத்தினரும் குறும்பார்வையுடையராயிருந்தனர். சிட்னிப் பிள்ளைகளோ கூடுதலான நூல்களை வாசித்தவர்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணித்தியாலம் வெளியிலே கழித்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணித்தியாலமே கழித்தனர். பின்னர் சீனாவின் குவாங்சூ நகரில் 12 பாடசாலைகளிற் பரிசோதனை ஒன்று நடைபெற்றது. அவற்றுட் சிலவற்றில் நாள்தோறும் 40 நிமிட வெளிக்கள வகுப்பொன்று சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளிற் புதிதாகக் குறும்பார்வையுற்றோர் அப்பாடசாலைகளில் 30.4 வீதமாகவும் ஏனையவற்றில் 39.5 வீதமாகவும் இருந்தமை 2015இல் அறிவிக்கப்பட்டது. வகுப்பறையின் ஒளியைப் பன்மடங்கு விஞ்சும் பகலொளி, விழித்திரையில் டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து கண்ணின் நீட்சியைத் தணிக்கின்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

இவ்வொளியில் வெயரையும் கோனையும் மீண்டும் வாசித்தல் வேண்டும். படைவீரனும் கிராமத்துப் பிள்ளையும் நூலின்றி இருந்தவர்கள் மட்டுமல்லர். வானத்தின் கீழ் இருந்தவர்களுமாவர். முன்னையோர் பாடசாலை பிள்ளைக்குக் கொடுத்தவற்றை, அதாவது நூலையும் மேசையையும் எழுத்தையும், நுணுகி எண்ணினர். பாடசாலை பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்ட பகற்பொழுதை எண்ணத் தவறினர். பெரிய யன்னல் கேட்ட கோன் மட்டும் உண்மையின் வாயில்வரை வந்து நின்றார் எனலாம். நெருங்கிய வாசிப்புக்குப் பங்கே இல்லை என்பதன்று இதன் பொருள். பரம்பரைக்குப் பங்கில்லை என்பதுமன்று. "நூலோ, குருதியோ" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டமையே பிழையாயிற்று.

இப்பிழையின் விலை சிறிதன்று. இளவயதிலே தொடங்கும் குறும்பார்வை ஆண்டுதோறும் கூடிச் செல்லும் இயல்பினது. அது மிகுந்தவிடத்துப் பிற்காலத்தில் விழித்திரை கழலுதல் முதலாய ஆபத்துகளும் பெருகும். கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றி நீண்ட கண்ணைக் குறுக்காது. எனினும் குறையுற்ற பிள்ளைக்குக் கண்ணாடியை மறுத்தலும் தீர்வாகாது. வெளிச்சூழல் பெரிதும் காப்பது இன்னும் குறையுறாத கண்களையே.

நம் நாட்டிலும் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, வார இறுதியிலும் வகுப்பு, எஞ்சிய பொழுதிற் கைத்தொலைபேசி என்றவாறு பிள்ளைகளின் பகற்பொழுது சுருங்கி வருகின்றது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஒரு தீவிலே பிள்ளைகள் வெளிச்சத்துக்கு ஏங்கும் நிலை வருதல் தகாது. நேரசூசியை வகுப்போர் விளையாட்டு நேரத்தைப் பாடத்திடமிருந்து களவாடப்பட்ட பொழுதாகக் கருதாது, கற்கும் கண்ணுக்குச் செலுத்தும் கடனாகக் கருதுவாராக. பிறெஸ்லோவில் 10,060 பிள்ளைகளின் கண்கள் சோதிக்கப்பட்டதன் பயன் அப்பொழுதே நிறைவுறும்.