செவிப்பிழையும் உகர ஈறும்: இணையக் காணொளிகளில் தமிழொலி

முன்னுரை

ஒரு மொழியை அறியாதார் செவிக்கு அம்மொழி வெறும் ஓசையே. அவ்வோசையையும் அவர்கள் உள்ளவாறு கேட்பதில்லை. தம் தாய்மொழியின் ஒலியன் அமைப்பு என்னும் சல்லடையில் சலித்தே கேட்கின்றனர் என்பதைத் துருபெட்ஸ்காய் 1939-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பொலிவானொவ் 1931-இலேயே இதனை ஒத்த கருத்தை வெளியிட்டிருந்தார். வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தது வாயின் விதி. மேற்கூறியது செவியின் விதி. தமிழின் ஒலியியல் வரலாறு பெரும்பாலும் பேசுவோர் பக்கமிருந்தே எழுதப்பட்டுள்ளது. பிறர் அதனை எவ்வாறு கேட்டனர் என்பதற்குச் சான்று குறைவாகக் கிடைத்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

2005-இல் யூடியூப் தொடங்கப்பெற்ற பின்னர் இச்சான்று பெருகியது. 'வைரல்' என வழங்கும் காணொளிகள் பெரும்பாலோரால் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றன. ஆயினும் தமிழறியாதார் தமிழை எவ்வாறு கேட்டனர் என்பதை அவர்களே எழுத்தில் பதிந்து வைத்த ஆவணங்களும் அவற்றுள் உள. இக்கட்டுரை 2007 முதல் 2019 வரையுள்ள மூன்று நிகழ்வுகளை ஆராய்கிறது. அவற்றை விளங்கிக்கொள்ள, இணையத்திற்கு நெடுங்காலம் முன்னரே தமிழ் அயலார் செவியில் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்த பம்பாய் நகரிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

பம்பாய்ச் செவி

பம்பாய்த் தமிழர் ஒரே தன்மையர் அல்லர். தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் தொழிலாளர் குடியேறினர். மாட்டுங்காவில் அலுவலகப் பணிகளுக்கு வந்த குடும்பங்கள் மிகுந்தன; பின்னர் செம்பூர் வளர்ந்தது. 1957-இல் நேரு திறந்துவைத்த டிராம்பே அணுசக்தி நிறுவனம் 1967-இல் பாபாவின் பெயரைப் பெற்றது. அதன் ஊழியர்களுக்கு அமைந்த அணுசக்தி நகரில் பல மொழியினரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். தாராவியில் தெருவே தமிழ் பேசிற்று. அணுசக்தி நகரில் தமிழ் வீட்டுக்குள் பேசப்பட்டுச் சுவருக்கு அப்பால் கேட்கப்பட்டது. அங்கு வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துமொழியாக அன்றிக் கேள்விமொழியாகவே அமைந்தது என்பதையும் இங்குக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

அயலார் செவியின் பதிவு இந்நகரில் ஏளனச் சொல்லாகவே முதலில் வெளிப்பட்டது. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' இதழும், 1966 ஜூன் 19 அன்று தோன்றிய சிவசேனையும் எழுத்தர் பணிகளில் இருந்த தென்னிந்தியரை எதிர்த்து இயக்கம் நடத்தின. அவ்வியக்கம் தென்னிந்தியரைக் குறிக்க வழங்கிய பெயர்களுள் ஒன்று 'யண்டுகுண்டு' என்பது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்ட காலத்தில் இச்சொல் விளையாட்டாக வழங்கவில்லை. ஆனால் மொழியியல் நோக்கில் இது பொருளற்ற உளறலும் அன்று. உண்டு, கொண்டு, கண்டு, ரெண்டு, ஆண்டு எனத் தமிழ்ப் பேச்சில் 'ண்டு' என்னும் தொடர் மிகுதியும் பயில்கிறது. ஏனைய திராவிட மொழிகளிலும் இதனையொத்த ஈறுகள் உள. நாமடி மூக்கொலியும் நாமடித் தடையொலியும் மராத்தியிலும் இருத்தலின், அவை கேட்போர்க்குப் புதியன அல்ல. புதியது அவற்றின் பின் வரும் உகரமே. சொல்லிறுதி இகர உகரங்களை நெடிலாக எழுதுவது மராத்தி மரபு. தமிழிலோ வல்லெழுத்தை ஊர்ந்துவரும் சொல்லிறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறுகி, இதழ் குவியாமல் ஒலிக்கிறது. இதுவே குற்றியலுகரம். 'யண்டு', 'குண்டு' ஆகிய இரண்டும் நன்னூலார் வகைப்படி மென்தொடர்க் குற்றியலுகரங்களாகும்! ஏளனம் செய்தவர் தமிழின் மிகப் பழைய இலக்கணக் கூறு ஒன்றனைத் தம்மை அறியாமலே சரியாகக் கேட்டிருந்தனர்.

1968-இல் வெளிவந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னிந்திய இசையாசிரியர் வேடம் இதே செவியின் திரை வடிவம். பகைமை குறைவு, கேலி அதேதான். 1994-இல் 'காதலன்' படத்தின் 'முக்காலா முக்காபுலா' பாடல் இந்நிலையை ஓரளவு மாற்றியது. 'முகாபலா' என்னும் உருதுச் சொல் தமிழ் வாயில் 'முக்காபுலா' ஆகி, இந்தி மொழிமாற்றப் படத்தின் தலைப்பில் 'முகாப்லா' எனத் தன் வடிவை மீண்டும் பெற்றது. அப்பாடலில் ஆடிய பிரபுதேவாவே அடுத்த நிகழ்வின் நடுவிலும் நிற்கிறார்.

பென்னி லாவா

எழில் இயக்கி எஸ்.ஏ. ராஜ்குமார் இசையமைத்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' 2000-ஆம் ஆண்டுப் படம். அதில் பிரபுதேவாவும் ஜெயா சீலும் ஆடும் 'கல்லூரி வானில்' பாடல் தமிழ்நாட்டில் ஓரளவே பேசப்பட்டது. 2007-இல் 'பஃபலாக்ஸ்' என்னும் புனைபெயருடைய அமெரிக்கர் ஒருவர், பாடலின் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களாகக் கேட்பதுபோல் அடியெழுத்து இட்டு யூடியூபில் ஏற்றினார். மொழிபெயர்ப்பு அன்று, கேட்டது கேட்டபடி எழுதுதல். 'பென்னி லாவா' என்னும் பெயரில் அக்காணொளி உலகெங்கும் பரவியது. பிரபுதேவாவையே பென்னி லாவா என அழைத்தவர் பலர். இவ்வகைக் காணொளி ஆக்குதலைக் குறிக்க அவர் புனைபெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று.

இவ்வழக்கம் புதிதன்று. பாட்டின் சொற்களைப் பிழையாகக் கேட்டலைச் சில்வியா ரைட் 1954-இல் எழுதிய கட்டுரையால் ஆங்கிலத்தில் 'மாண்டெகிரீன்' என்கின்றனர். சப்பானியத் தொலைக்காட்சியில் அயல்மொழிப் பாடல்களைச் சப்பானியமாகக் கேட்கும் 'சொராமிமி' நிகழ்ச்சிப் பகுதி 1992-இல் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட அகராதியின் பெயரான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்பதும், முகரம் நாளில் எழுந்த முழக்கத்தை வெள்ளைச் சிப்பாய்கள் கேட்ட வகையே. சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அது மீண்டும் ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆயிற்று என்பர். பொருள் தெரியாத இடத்தில் செவி பொருளைப் படைத்துக்கொள்ளும்.

பென்னி லாவாவின் செவிப்பிழை ஒழுங்குடையது. தலைப்பிலுள்ள 'கல்லூரி வான்' என்னும் பகுதி 'லூனி பன்' எனக் கேட்கப்பட்டது. தமிழ் ரகரம் நுனிநா ஒருமுறை தட்டி எழும் வருடொலி. அமெரிக்க ஆங்கில ரகரம் நா எங்கும் படாமல் எழுவது. ஆகவே கேட்டவர் அதனை ரகரமாகக் கொள்ளவில்லை. அதே இடத்தில் பிறக்கும் னகரமாகக் கொண்டார். தமிழ் வகரம் ஆங்கிலத்தின் இரு வகர ஒலிகளுள் எதனோடும் முழுதும் ஒவ்வாத மெல்லொலியாதலின் பகரத்தில் போய் ஒதுங்கியது. 'வா' என்னும் நெடில் குறிலாயிற்று. தமிழில் குறில் நெடில் வேறுபாடு சொற்பொருளை வேறுபடுத்தும். ஆங்கிலத்தில் உயிரின் நிறமே பெரிதும் அப்பணியைச் செய்கிறது.

இவற்றினும் நுண்ணியது சொல்லெல்லைப் பிழை. பாடலில் வரும் 'நிலாவோ' ஒரே சொல். அமெரிக்கச் செவியிலோ அதன் முதலசை 'நி' முன்சொல்லின் ஈற்றோடு இணைந்து 'பென்னி' ஆயிற்று. எஞ்சியது 'லாவா' எனத் தனிச்சொல்லாயிற்று. ஆங்கிலம் பேசுவோர் அழுத்தமுடைய அசையையே புதுச்சொல்லின் தொடக்கமாகக் கொள்வர் எனக் கட்லரும் நாரிசும் 1988-இல் ஆய்வுவழி நிறுவினர். தமிழில் அத்தகைய அழுத்தம் இல்லை. நெடிலான 'லா' அழுத்தம்போல் கேட்டமையால் சொல் அங்கே வெட்டப்பட்டது. ஐயப்பொருள் தரும் ஓகார இடைச்சொல், இல்லாத மனிதன் ஒருவனுடைய பெயரின் வாலாக எஞ்சியது.

இக்காணொளியை இனக்கேலி என்றோரும் உளர். கேலிக்குரியது தமிழன்று, அந்த ஆங்கிலமே என்றோரும் உளர். எழுதியவர் தமிழைத் தாழ்த்திக் கூறும் சொல் எதனையும் நாடாதிருந்திருக்கலாம். எனினும், கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மொழி பொருளுடையது என்பதையே மறந்து சிரிக்கும் வாய்ப்பை அது அளித்தது என்பதை மறுத்தற்கில்லை. அந்த அளவில் அதற்கும் 1966-இன் சொல்லுக்கும் உறவுண்டு. வேறுபாடு, இங்கு எவர் கடையும் உடைபடவில்லை.

ஒன்று குறிப்பிடத்தக்கது. அடியெழுத்தின்றிப் பாடலை மட்டும் ஒலிக்கச்செய்தால் ஆங்கிலச் செவிக்கும் பென்னி லாவா தோன்றாது. கண் கண்டதையே காது கேட்கிறது. அணுசக்தி நகர் போன்ற குடியிருப்புகளில் தமிழைக் கேள்வியாலும் ஆங்கிலத்தைப் பள்ளியாலும் பெற்ற தலைமுறைக்கு இது இரட்டைச் சோதனை எனலாம்: எழுத்தைக் கண்டபின் அவர்களும் தம் தாய்மொழியை அயலார் கேட்டவாறே கேட்க நேர்கிறது.

மூனும் நைட்டும்

நான்காண்டுகளில் திசை மாறியது. 2011 நவம்பர் 16 அன்று '3' என்னும் படத்திற்காகத் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைத்த 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளியிடப்பெற்றது. முற்றுப்பெறாத படி ஒன்று முன்னரே கசிந்ததால் பாடலைப் பதிவுக்கூடக் காட்சிகளோடு அவசரமாக வெளியிட்டனர். சில வாரங்களில் இந்தியா முழுவதும் பரவியது. பல மொழிகளில் போலிப் பாடல்கள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் பிரதமருக்குப் புதுதில்லியில் அளித்த விருந்துக்குத் தனுஷ் அழைக்கப்பட்டார். கவிஞர் ஜாவேத் அக்தர் பாடலைக் கடிந்துரைத்தார். தமிழறிஞர் சிலரும் இதனைத் தமிழின் இழிவாகக் கருதினர்.

இவ்விரு தரப்பும் சொற்களை நோக்கின, ஈற்றை நோக்கவில்லை. ஒயிட்டு, நைட்டு, பிளாக்கு என ஆங்கிலச் சொற்கள் பாடலில் தமிழ் ஈறு பெறுகின்றன. தமிழில் வல்லெழுத்து மெய் சொல்லிறுதியில் நில்லாது. உயிர்களிடையே தனித்துவரும் டகரம் ஒலிப்புடையதாகிவிடும். ஆகவே ஆங்கிலத்தின் ஒலிப்பிலாத் தடையொலியைக் காக்க மெய் இரட்டித்து, உகரம் சேர்கிறது. இவை வன்தொடர்க் குற்றியலுகரங்கள். மூனு, கலரு என்பவை இலக்கணப்படி முற்றியலுகரமாயினும் பேச்சில் அவ்வாறே குறுகுகின்றன. 'மூனு' நிலவைக் குறித்தாலும் தமிழ்ச் செவியில் எண்ணாகவும் விழும். படத்தின் பெயரோ '3'.

இங்கு அயலார் ஒன்றையும் பிழையாகக் கேட்கவில்லை. ஆங்கிலம் அறிந்த எவரும் சொற்களை விளங்கிக்கொண்டனர். அவர்களைக் கவர்ந்தது அந்த உகரமே. மும்பையிலும் பிற நகரங்களிலும் இந்தி பேசும் இளைஞர் தம் ஆங்கிலச் சொற்களுக்கு அவ்வீற்றை இட்டுப் பாடினர். 1966-இல் யண்டுகுண்டு என ஏளனத்துக்கு அடையாளமாயிருந்த ஈறு, 2011-இல் விரும்பிப் பின்பற்றும் ஈறாயிற்று. ஒலி மாறவில்லை. கேட்டவர் நிலையே மாறியது. இதனைத் தமிழின் வெற்றி எனக் கொண்டாடுவது மிகை. கேலியும் விருப்பமும் அப்பாவனையில் கலந்தே இருந்தன.

தாராவியில் இம்மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. அங்குத் தோன்றிய 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழுவினர் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கையும் கலந்து பாடினர். 2018-இல் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' படத்தில் அவர்தம் குரல் இடம்பெற்றது. அயலார் செவிக்காகத் தமிழை எளிமையாக்கும் நோக்கம் அதில் காணப்படவில்லை.

நேசமணி

2019 மே இறுதியில் நடந்தது மேற்கண்டவற்றின் தலைகீழ். முகநூலில் அயல்நாட்டுப் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் யாது என வினவியது. தமிழர் ஒருவர் அதன் பெயர் சுத்தியல் என்றும், அடித்தால் 'டங் டங்' என ஒலிக்கும் என்றும், ஜமீன் அரண்மனையில் நேசமணி என்பவரின் தலை இதனால் உடைந்தது என்றும் விடையளித்தார். 2001-இல் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. அவர் நலமா எனத் தமிழறியாத ஒருவர் கேட்க, நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுமாறு கூறும் ஆங்கிலத் தொடர் டுவிட்டரில் உலக அளவில் முன்னிலை பெற்றது. மே 30 அன்று புதுதில்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற செய்தியோடு அது போட்டியிட்டது.

2007-இல் தமிழறியாதார் சிரித்தனர். தமிழர் விளக்கம் கூற நேர்ந்தது. 2019-இல் தமிழர் சிரித்தனர். யார் இந்த நேசமணி எனப் பிறர் வினவினர். ஒலி முழுதும் வெளிப்படையாக இருக்க, பொருள் மட்டும் தமிழர் கையில் இருந்தது. அத்தொடர் ரோமன் எழுத்திலேயே பரவியது. அவ்வெழுத்தில் நேசமணியின் நகரமும் ணகரமும் ஒரே குறியாகின்றன. ஏகார எகர வேறுபாடும் மறைகிறது. அப்பெயரை உரியவாறு ஒலிக்க, படித்தவர் முன்னரே தமிழ் அறிந்திருக்க வேண்டியிருந்தது.