தகடும் தாளும்: பிரான்சிஸ்கோ தொலேதோவின் கலையில் பதிப்பின் இடம்

மெக்சிகோவின் பிரான்சிஸ்கோ தொலேதோவைப் (1940–2019) பற்றி எழுதுவோர் பலரும் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர் ஓவியர், சிற்பி. இன்னொருவர் ஒஹாக்கா நகரில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் நிறுவியவர், தெருவில் இறங்கிப் போராடியவர். முதலாமவர் ஈட்டியதை இரண்டாமவர் செலவழித்தார் என்பதோடு இருவருக்கும் இடையிலான உறவு முடிந்துபோகிறது. பணக்கணக்கில் இது சரிதான். அவர் கலையை விளங்கிக்கொள்ள இது போதாது. தொலேதோவின் பொதுப்பணி பதிப்போவியப் பட்டறையில் பிறந்தது, அந்தக் கலையின் தர்க்கத்தையே அது ஊருக்குள் விரித்துக்கொண்டு சென்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தெவான்தெபெக் நிலஇடுக்கில் உள்ள ஹுச்சித்தான், சாப்போத்தெக் மக்களின் ஊர். தொலேதோவின் குடும்பத்துக்கு அதுவே பூர்வீகம். பதின்ம வயதில் ஒஹாக்காவிலும் பிறகு மெக்சிகோ நகரிலும் செதுக்குக்கலை பயின்றார். 1959இல், பத்தொன்பது வயதில், முதல் கண்காட்சிகளை வைத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் போனார். அங்கே ஓவியர் ருஃபினோ தமாயோவும், பின்னாளில் இந்தியாவில் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸும் அவருக்குக் கைகொடுத்தனர். ஆனால் அவரை உருவாக்கிய இடமாக நான் கருதுவது ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் ‘அத்தெலியே 17’ பதிப்போவியப் பட்டறையை.

செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். மையைத் தேய்த்துத் துடைத்தபின் பள்ளங்களில் தங்கும் மையை ஈரத்தாள் உறிஞ்சிக்கொள்கிறது. படம் முழுவதும் ஓவியனின் கையால் உருவாவதில்லை. அமிலத்துக்கும் அச்சு எந்திரத்துக்கும் உடன் நிற்பவருக்கும் அதில் பங்குண்டு. இழுத்த பிரதிகளில் ஒன்றை மட்டும் அசல் என்று சொல்லவும் முடியாது. பலர் கூடி ஒரே மேசையில் வேலை செய்த பட்டறையில் இதைக் கற்ற இளைஞர், கலைப்பொருள் ஒருவர் சுவரில் மட்டும் தொங்கவேண்டியது என்ற எண்ணத்தோடு 1965இல் தாயகம் திரும்பியிருக்க மாட்டார்.

பாரிஸிலேயே இன்னொரு வாசிப்பும் தொடங்கிவிட்டது. ஆந்த்ரே பியேர் த மாந்தியார்க் முதலிய எழுத்தாளர்கள் அவர் படங்களில் தொன்மத்தையும் புனிதத்தையும் கண்டார்கள். பிறகு வந்தவர்கள் அதையே தேய்த்துத் தேய்த்து, அவரைப் பூர்வகுடி மந்திரவாதியாக ஆக்கினார்கள். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. ஓணான் இனத்து இகுவானாவும் நண்டும் வெட்டுக்கிளியும் தேரையும் அவர் படங்களில் திரிகின்றன என்பது மெய். ஆனால் இகுவானா ஹுச்சித்தான் சந்தையில் கால் கட்டப்பட்டு விற்பனைக்குக் கிடக்கும் உயிர், கனவிலிருந்து வந்ததல்ல. போர்ஹெஸின் கற்பனை விலங்குகளுக்கு வரைந்த கை, காஃப்காவின் கற்றறிந்த குரங்குக்கும் பதிப்போவியங்கள் செய்தது. மனிதனாக மாறியதைப் பற்றி அறிஞர் அவையில் அறிக்கை படிக்கும் அந்தக் குரங்கை ஒரு சாப்போத்தெக் ஓவியர் தேர்ந்தெடுத்தார் என்றால், தன்மேல் ஒட்டப்பட்ட சீட்டை அவர் நன்றாகவே படித்திருந்தார் என்றுதான் பொருள். தன் இனத்திலிருந்து குடியரசுத் தலைவரான பெனித்தோ ஹுவாரெஸையும் அவர் பீடத்தில் வைத்து வணங்கவில்லை. விலங்குகளோடு ஒன்றாகக் கலந்து வரைந்தார்.

1988இல் ஒஹாக்காவில் அவர் தொடங்கிய வரைகலை நிறுவனமே என் வாதத்துக்கு முதன்மைச் சான்று. சாந்தோ தொமிங்கோ மடத்துக்கு எதிரில், தன் சொந்த வீட்டிலேயே அதை அமைத்தார். தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள மாநிலத்து நகரம் ஒன்று கோயாவின் எண்ணெய் ஓவியத்தை வாங்க நினைத்துப்பார்க்கவும் முடியாது. கோயாவின் பதிப்போவியத்தை வாங்க முடியும். கோயாவையும் மெக்சிகோவின் பதிப்போவியர் போஸாதாவையும் கைக்கெட்டும் தொலைவில் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததற்கு, அவை பல பிரதிகள் உள்ள கலை என்பதே காரணம். கலைநூல்கள் நிறைந்த நூலகமும் அங்கேயே உண்டு. நூலும் ஓர் அச்சுப் பிரதிதானே. பார்வையற்றோருக்காக அவர் நிறுவிய நூலகமும், 1996இல் தொடங்கிய மனுவேல் அல்வாரெஸ் பிராவோ புகைப்பட மையமும் இதே வழியில் வந்தவை. சாந்தோ தொமிங்கோ மடம் விடுதியாகாமல் தடுத்ததையும், நகர நடுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்து 2002இல் தமாலே என்ற சோளமாவுப் பண்டத்தை வழங்கியதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை, பலரும் எழுதியிருக்கிறார்கள்.

குறைவாகப் பேசப்படுவது காகிதம். சான் அகுஸ்தீன் எத்லாவில் பழைய நீர்மின் நிலையம் ஒன்றைக் கைத்தாள் பட்டறையாக மாற்றினார். உள்ளூர் நார்களிலிருந்து அங்கே தாள் செய்தார்கள். அந்தத் தாளில் தொலேதோவின் வடிவங்கள் பட்டங்களாகின. 2014 செப்டம்பரில் கெரெரோ மாநிலத்து இகுவாலாவில் அயோட்சினாப்பா ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் 43 பேர் காணாமல் ஆக்கப்பட்டபோது, அவர் 43 பட்டங்கள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவனின் முகம். ஒஹாக்கா தெருவில் குழந்தைகளோடு தானும் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தென் மெக்சிகோவில் இறந்தோர் திருநாளில் ஆன்மாக்கள் பட்டத்து நூல் வழியே இறங்கிவந்து படையலை உண்டுவிட்டுத் திரும்பும் என்ற நம்பிக்கை உண்டு. மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் தேடிக் கிடைக்காதவர்களை வானில் தேடுவோம் என்பது அவர் சொன்ன விளக்கம். பதிக்கப்பட்ட முகம், கையால் செய்த தாள், பலர் கையில் நூல்: பட்டறையில் கற்ற அனைத்தும் இங்கே கூடிவிட்டன. இதில் கலை எது, போராட்டம் எது என்று பிரிப்பவர் எந்த இடத்தில் கோடு போடுவார்?

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு 2015இல் மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ‘துயரம்’ என்ற சுடுமண் தொகுப்பு. நாட்டின் வன்முறையை முன்வைத்து உயர்வெப்பச் சூளையில் சுட்ட ஏறத்தாழ நூறு படைப்புகள். பலவற்றின் மேல் இரத்தம்போலச் சிவப்பு மெருகு வழிந்து நிற்கிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பிரதி கிடையாது. கொல்லப்பட்டவர் ஒவ்வொருவரும் ஒரே ஒருவர் என்பதால் இங்கே அவர் பிரதியைக் கைவிட்டார் என்று படிக்கலாம். அப்படிப் படித்தால் என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூளையும் அமிலம்போலவே கலைஞனின் கையை மீறி வேலை செய்வது. இந்தப் பணியும் குயவரின் பட்டறையில் கூட்டாக நடந்தது. அதே 2015இல், தன் வீட்டில் தொடங்கிய வரைகலை நிறுவனத்தையும் லட்சத்துக்கு மேற்பட்ட அதன் சேகரிப்பையும் தேசிய நுண்கலை நிறுவனத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். அரசோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டியவர், அரசின் கையிலேயே அதை ஒப்படைத்தார்.